கல்லடிப் பாலத்துக்கு எப்போது பெரிய எழுத்து?

கனடாவுக்கு வந்திருக்கும் எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் வேலைக்கு ஆங்கிலத்தில் எழுதும் கடிதங்களை என்னிடம் காட்டுவார்கள். வசனம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், இடறுவதெல்லாம் கப்பிட்டல் என்ற பெரிய எழுத்தில். தமிழில் அந்தப் பேதமே இல்லையே.

போன கிழமை கல்முனை மருமகளின் கடிதத்தில் ஃபாதர், ஃபார்மர், மதர், டீச்சர் நாலும் பெரிய எழுத்தில் தொடங்கின, 'தமிழ்' மட்டும் சின்ன 'டி'. ஏன் மகள் என்றேன். "அப்பாவச் சின்ன எழுத்தில எழுதினா மரியாத இல்லயே மாமி" என்றாள். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் ஆங்கிலத்தில் பெரிய எழுத்து மரியாதைக்கு இல்லை, பெயருக்கு. 'மை ஃபாதர்' என்றால் சின்ன 'எஃப்'. அதே மனுசனைப் பெயர் சொல்வது போல 'தாங்க்யூ, ஃபாதர்' என்று கூப்பிட்டால் பெரிய 'எஃப்'. விவசாயி, ஆசிரியை, சாரதி என்ற தொழில்களுக்கு வசனத்துக்குள் சின்ன எழுத்துத்தான்.

ஊரை வைத்தே பிடித்துக்கொள்ளலாம். வெறும் 'பிரிட்ஜ்' என்றால் சின்ன 'பி'. 1924இல் திறந்த நம்முடைய மட்டக்களப்புப் பாலத்தைக் 'கல்லடி பிரிட்ஜ்' என்று பெயராக எழுதினால் இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து. வாவிக்கும் அப்படியே.

நாடு, இனம், மொழி, மதம் சார்ந்த சொற்கள் வேறு மாதிரி. ஸ்ரீலங்கன், தமிழ், முஸ்லிம், பேர்கர் (பறங்கியர்), டச்சு எல்லாம் தனியாக வந்தாலும் இன்னொரு சொல்லுக்கு முன்னால் வந்தாலும் பெரிய எழுத்துத்தான். 'ஸ்ரீலங்கன் சிட்டிசன்' என்பதில் 'எஸ்' பெரிது, 'சி' சின்னது. பாடங்களிலும் இந்த வித்தியாசம் வரும்: வசனத்துக்குள் கணிதமும் விஞ்ஞானமும் சின்ன எழுத்து, தமிழும் ஆங்கிலமும் மொழியின் பெயர் என்பதால் பெரிய எழுத்து. கிழமைக்கும் மாதத்துக்கும் பெரிது, விண்டர், சமருக்குச் சின்னது.

பாரிஸில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு இங்கே வருபவர்கள்தான் கூடக் குழம்புகிறார்கள், அவர்கள்மேல் பிழை சொல்ல ஏலாது. பிரெஞ்சில் தமிழர் என்று ஆளைச் சொன்னால் பெரிய எழுத்து, மொழியையோ 'தமிழ்ப் பாடசாலை' என்பதில் வரும் தமிழையோ சொன்னால் சின்ன எழுத்து, கிழமையும் மாதமும்கூடச் சின்னதுதான். ஜெர்மனில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்து, கதிரைக்கும் மேசைக்கும்கூட. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதினால் இரண்டு பக்கமும் சறுக்கும்.

எனக்கு இதில் மனம் கிடந்து அடிப்பது ஒன்றுக்குத்தான். விவசாயிக்குப் பெரிய எழுத்துப் போட்டால் கண்ணுக்கு உறுத்தும், அவ்வளவுதான். எங்கள் இனத்தின் பெயரைச் சின்ன 'டி'யில் நாங்களே எழுதி அந்நியர் கையில் கொடுப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கடிதத்தை அனுப்ப முதல் அதைத் தேடித் திருத்துங்கள். மறுகா மற்றச் சொற்களைப் பாருங்கள், தேவையில்லாத பெரிய எழுத்தைப் ஃபோன் அநேகமாகத் திருத்தித் தராது, ஒவ்வொன்றாகக் கண்ணால்தான் பார்க்கவேண்டும்.