பயிற்சி முடிந்துவிட்டதா?

மகள் இந்திய விமானப்படையில் ஹெலிகாப்டர் விமானியாகத் தேறிய நாளிலிருந்து, வீட்டுக்கு வருபவர்களும் தொலைபேசியில் அழைப்பவர்களும் வாழ்த்துச் சொன்ன கையோடு தவறாமல் ஒன்றைக் கேட்கிறார்கள்: "ஒருவழியா டிரெயினிங் முடிஞ்சிடுச்சில்ல?" அன்போடு கேட்பவர்களிடம் நீளமாக விளக்க மனமில்லாமல் நானும் "முடிஞ்சிடுச்சு" என்றே சொல்லிவருகிறேன். அந்தப் பதில் பாதிதான் உண்மை. துண்டிகல் விமானப்படை அகாதெமியின் அணிவகுப்புத் திடலில் அன்று காலை நாங்கள் கைதட்டியது எதற்காக என்பதை, நினைவு மங்குவதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

ஹைதராபாத்துக்கு அருகில் இருக்கும் அந்த அகாதெமிக்கு 1967இல் அடிக்கல் நாட்டப்பட்டது; 1971இல் அங்கே பயிற்சி தொடங்கியது. ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும், ஒருங்கிணைந்த பட்டமளிப்பு அணிவகுப்பு நடைபெறும். விமானிகள் மட்டுமல்லாமல், தொழில்நுட்பம், நிர்வாகம், கணக்கு, வானிலை எனத் தரைப்பணிப் பிரிவுகளில் தேறியவர்களும் அன்றுதான் அதிகாரிகளாகிறார்கள். கடற்படையிலிருந்தும் கடலோரக் காவல்படையிலிருந்தும் பறத்தல் பயிற்சிக்கு வந்தவர்களும் அதே திடலில், விமானியாகத் தேறியதற்கு அடையாளமான இறக்கைச் சின்னம் பெறுகிறார்கள். எங்களுக்கு வாய்த்தது டிசம்பர் மாதத்து அணிவகுப்பு.

பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தபோது எனக்கு முதலில் ஏற்பட்டது பெருமிதம் அல்ல, தவிப்பு. ஒரே சீருடை, ஒரே தொப்பி, ஒரே கைவீச்சு; எல்லா முகங்களும் ஒரே திசையில் நிலைத்திருந்தன. இருபத்து மூன்று ஆண்டுகள் கண்முன்னே வளர்ந்த பிள்ளையை அந்தக் கூட்டத்தில் என்னால் அடையாளம் காண முடியவில்லை. என் கணவர் கைப்பேசியின் கேமராவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் கண்டுபிடித்தவர் எழுபத்தெட்டு வயதான என் மாமியார். "இரண்டாவது வரிசை, ஓரத்துல இருந்து நாலாவது. அந்த நடையை எனக்குத் தெரியாதா?" என்றார். கண்புரை அறுவை செய்துகொண்ட கண்கள் அவருடையவை. எங்களைச் சுற்றியிருந்த ஒவ்வொரு குடும்பமும் அதே தேடலில்தான் இருந்தது. வெவ்வேறு மொழிகளில், ஒரே விதமாக விரல் நீட்டி, ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இறக்கைச் சின்னத்தை அணிவிக்க ஒருவருக்கு ஆகும் நேரம் சில நொடிகள்தான். அணிவகுப்பைப் பார்வையிட வந்த உயர் அதிகாரி இடது மார்பில் அதைப் பொருத்துகிறார், ஓரிரு சொற்கள் பேசுகிறார், அடுத்தவரிடம் நகர்கிறார். ஆனால் அன்று என்னை உலுக்கியது இறக்கை அல்ல, உறுதிமொழி. தரைவழியாகவோ கடல்வழியாகவோ வான்வழியாகவோ எங்கு அனுப்பப்பட்டாலும் செல்வேன், என் உயிருக்கே ஆபத்து நேரினும் மேலதிகாரியின் ஆணைக்குக் கட்டுப்படுவேன் என்ற பொருள்படும் அந்த வாசகத்தை, நூற்றுக்கும் மேற்பட்ட இளங்குரல்கள் ஒன்றாகச் சொல்லின. முன்பே படித்திருக்கிறேன். ஆனாலும், பெற்ற வயிற்றுக்குச் சொந்தக்காரியாக உட்கார்ந்து அதைக் காதால் கேட்பது வேறு. எந்தத் தாயும் தன் வாயால் தன் பிள்ளைக்குச் சொல்லத் துணியாத ஒரு சொல்லைப் பிள்ளையே உரக்கச் சொல்கிறது. அதைக் கேட்டு நாம் கைதட்டுகிறோம். அந்தக் கைதட்டலை நான் முழுமனத்தோடுதான் தட்டினேன். கை நடுங்கியது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்த இடத்துக்கு அவள் வந்து சேர்ந்த வழியைத் தெரிந்துகொள்ளாமல் கொண்டாடியிருந்தால், அது சீருடைக்கும் புகைப்படத்துக்குமான கொண்டாட்டமாக மட்டுமே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். விமானியாகும் தகுதி உண்டா என்று சோதிக்கும் கணினித் தேர்வை வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் எழுத முடியும். கருவிகளின் அளவுகளைப் பார்த்து விமானத்தின் நிலையை அறிவது, கையும் காலும் கண்ணும் ஒருங்கே இயங்குவது ஆகியவை அதில் சோதிக்கப்படுகின்றன. அதில் தவறியவர் மற்றப் பிரிவுகளுக்கு எத்தனை முறை முயன்றாலும், விமானி ஆவதற்கான அந்தக் கதவு அதோடு மூடிக்கொள்கிறது. அந்தத் தேர்வுக்கு முந்தைய இரவு அவள் நன்றாகத் தூங்கினாள், நான் தூங்கவில்லை.

அகாதெமியில் முதல்கட்டப் பயிற்சி பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2 விமானத்தில் நடக்கிறது. ஒருவர் பின் ஒருவராக இரண்டு இருக்கைகள். முன்னால் மாணவர், பின்னால் பயிற்றுநர். அந்தப் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி தாம்பரத்தில் இருக்கிறது என்பதே எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். ஒவ்வொரு முறை பறந்து இறங்கிய பிறகும் எங்கே வேகம் குறைந்தது, எங்கே உயரம் தவறியது, எந்த நொடியில் முடிவெடுக்கத் தாமதமானது என்று பயிற்றுநர் வரிவரியாகப் பிரித்துச் சொல்வார்; மதிப்பெண்ணும் உண்டு. இன்று நன்றாகப் பறந்தேன் என்று அவள் சொன்ன நாட்கள் மிகக் குறைவு. "இன்னிக்குத் திட்டு கம்மிம்மா" என்பதுதான் அவள் வாயிலிருந்து வந்த உச்சபட்ச நல்ல செய்தி.

விடுப்பில் வந்தபோது, விமானி அமரும் காக்பிட்டைத் தானே ஒரு பெரிய தாளில் வரைந்து, தன் அறைச் சுவரில் நான்கு மூலையிலும் ஊசி குத்தி மாட்டினாள். அதற்கு எதிரே நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, எஞ்சின் நின்றால் என்ன செய்வது, தீப்பற்றினால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே, தாளில் உரிய பொத்தான் இருக்கும் இடத்துக்குக் கையைக் கொண்டுபோவாள். கண்ணைத் திறக்கும்போது விரல் சரியான இடத்தில் இருக்க வேண்டும். அரை அங்குலம் தவறினால் மறுபடி முதலிலிருந்து. நாட்டியம் பயிலும் பெண் அடவை நூறு முறை செய்வதைப்போல, வெறும் தாளின் முன் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். அடுக்களையிலிருந்து அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு, எஞ்சின் நின்றால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பது எனக்கும் மனப்பாடமாகிவிட்டது.

முதல் சோலோ, அதாவது பயிற்றுநர் இல்லாமல் தனியே பறக்கும் முதல் பறத்தல், முடித்த அன்று மாலை அழைத்தாள். அதற்கு முன் வேறொரு பயிற்றுநர் உடன் பறந்து சோதித்து, தனியே அனுப்பலாம் என்று ஒப்புதல் தர வேண்டும். ஓடுபாதையிலிருந்து எழும்பி, நான்கு பக்கமும் திரும்பி ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப வந்து இறங்க வேண்டும். "அம்மா, பின் சீட்டுல யாருமே இல்லாம போயிட்டு வந்துட்டேன்" என்றாள். பிறந்த குழந்தை முதன்முதலாக அழுத குரலைக் கேட்டதற்குப் பிறகு எந்தக் குரலும் என்னை அப்படி நிறைத்ததில்லை. விழா எடுக்க வேண்டிய நாள் உண்மையில் அதுதான் என்று எனக்கு இன்றும் படுகிறது. ஆனால் அந்த நாளில் எந்தக் குடும்பமும் பக்கத்தில் இருப்பதில்லை.

அச்சத்தைப் பற்றி எழுதாமல் கடந்துபோவது நேர்மையாகாது. இதற்கு முன் பயிற்சிக்கு இருந்த எச்பிடி-32 விமானங்களில் விமானியை வெளியே வீசிக் காப்பாற்றும் இருக்கை கிடையாது. உயிரிழப்புகளுக்குப் பின் 2009இல் அவற்றைப் பறக்காமல் நிறுத்தினார்கள். 2013இல் பிலாட்டஸ் வந்தது. அதில் அத்தகைய இருக்கை உண்டு என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டு மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் 2023 டிசம்பர் 4 அன்று, துண்டிகலிலிருந்து எழுந்த பிலாட்டஸ் ஒன்று மேடக் மாவட்டத்தில் தூப்ரான் அருகே விழுந்து, பயிற்றுநரும் பயிற்சி பெற்ற இளைஞரும் உயிரிழந்தார்கள். என் மகள் அப்போது விமானப்படையில் சேர விண்ணப்பித்திருந்தாள். செய்தியை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். இரவு உணவின்போது இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதே மாதம் 17ஆம் தேதி அங்கே அணிவகுப்பு நடந்தது. இரண்டு வீடுகளின் இழப்புக்குப் பதின்மூன்றாம் நாள் மற்ற வீடுகள் கைதட்ட வேண்டியிருந்த அந்தத் திடலை நான் அன்று நினைத்தேன். எங்கள் முறை வந்த காலையிலும் அந்த நினைவு என்னை விட்டுப் போகவில்லை.

முதல்கட்டம் முடிந்ததும் போர் விமானம், போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர் என்று பிரிக்கிறார்கள். இவள் ஹக்கிம்பேட்டையில் சேட்டக் ஹெலிகாப்டரில் பயிற்சி பெற்றாள். போர் விமானம் கிடைக்கவில்லையே என்று எங்களுக்காக வருத்தப்பட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு ஹெலிகாப்டரை ஒரே இடத்தில் அசையாமல் நிறுத்துவதன் கடினம் தெரியாது; எனக்கும் தெரிந்திருக்கவில்லை. இடக்கை பிடித்திருக்கும் நெம்புகோலை உயர்த்தினால் மேலெழும்பும். ஆனால் அதே நொடியில் மூக்கு ஒரு பக்கம் திரும்பத் தொடங்கும். அதைக் காலால் மிதித்துச் சரிசெய்தால் உடல் பக்கவாட்டில் நழுவும். அதை வலக்கையால் தடுத்தால் உயரம் மாறும். ஒன்றைத் தொட்டால் மூன்றும் மாறும். மூன்றையும் இடைவிடாமல், கண்ணுக்குத் தெரியாத அளவில், திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளத்தில் கூரைமேல் நிற்பவருக்குக் கயிறு இறக்கும் ஹெலிகாப்டரைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போதெல்லாம், அது காற்றில் சும்மா நிற்கிறது என்றுதான் இத்தனை ஆண்டுகளும் நினைத்திருந்தேன்.

அவளுடைய அறைத்தோழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நன்றாகப் படித்த, உடல் உறுதி மிக்க பெண். சில சோதனைப் பறத்தல்களில் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை என்பதால் பறத்தல் பயிற்சியிலிருந்து விலக்கப்பட்டாள். அகாதெமிப் பிள்ளைகள் இதைச் 'சஸ்பெண்ட்' ஆவது என்கிறார்கள். ஒழுங்கு நடவடிக்கை என்று எண்ணி நான் முதலில் பதறிப்போனேன். அவளுக்குத் தரைப்பணிப் பிரிவு ஒன்றில் இடம் கிடைத்தது. அவளுடைய பெற்றோரும் விழாவுக்கு வந்திருந்தார்கள். என் மகளின் மார்பில் இருந்த இறக்கையை அந்தத் தாய் விரலால் தொட்டுப் பார்த்து, அவள் கன்னத்தைத் தடவிக்கொடுத்தார். எங்களுக்குப் பொதுவான மொழி இல்லை. நான் அவருடைய மகளின் தோள்பட்டையிலிருந்த அதிகாரிப் பட்டையைத் தொட்டு, இரு கைகளையும் பற்றிக்கொண்டேன். அன்றைய கொண்டாட்டத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமான தருணம் இதுதான். புகைப்படம் எதுவும் இல்லை.

1994இல் ஹரிதா கௌர் தியோல் ஆவ்ரோ விமானத்தைத் தனியே ஓட்டி, இந்திய விமானப்படையில் தனித்துப் பறந்த முதல் பெண் ஆனார். 2016 ஜூன் 18 அன்று அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகியோர் இதே துண்டிகலில் முதல் பெண் போர் விமானிகளாக வெளிவந்தார்கள். அந்த வீடுகளின் துணிவில்தான் எங்கள் வீடும் நின்றது. 2020 ஜூனில் கொரோனாவால் பெற்றோரை அழைக்காமலே அணிவகுப்பு நடந்தது. குடும்பங்கள் திரையில் பார்த்தன. அதை நினைக்கும்போது, எங்களுக்குக் கிடைத்த அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளின் அருமை புரிகிறது.

இறுதியில், தாகூரின் 'ஆனந்தலோகே' இசைக்க, புதிய அதிகாரிகள் இரண்டு வரிசைகளாக மெதுநடையில் திடலைவிட்டு வெளியேறினார்கள். நேற்றுவரை அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்த இளைய மாணவர்கள், அதிகாரிகளாகிவிட்டவர்களுக்கு முதல் மரியாதை வணக்கம் செலுத்தினார்கள். தலைக்குமேல் விமானங்கள் சீராகப் பறந்தன. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். என் மாமியார் மட்டும் வரிசையில் நான்காவது ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி அவளுக்கு முதல் பணியிடம். அங்கே வேறு வகை ஹெலிகாப்டருக்கு மாறுவதற்கான பயிற்சி, அதன்பின் இரவில், மழையில், மலையில் பறக்க ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தேர்ச்சி. சில ஆண்டுகளுக்கு அவள் இன்னொருவருக்குப் பக்கத்தில் அமரும் இளைய விமானியாகத்தான் இருப்பாள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் தன் அறையைச் சுத்தம் செய்தாள். சுவரில் இருந்த தாள்கள் இரண்டு: பழைய பிலாட்டஸ், அதன்மேல் பின்னர் மாட்டிய சேட்டக். ஊசிகளைப் பிடுங்கிச் சுருட்டிக் குப்பையோடு வைத்திருந்தாள். "இதை ஏன்டீ போடறே?" என்றேன்.

"இனிமே வேற காக்பிட்டும்மா. புதுசா வரையணும். உனக்கு வேணும்னா வச்சுக்கோ."

இரண்டையும் எடுத்து, மடிக்காமல், பீரோவில் அவளுடைய பள்ளிச் சான்றிதழ்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன். சேட்டக் தாளில் வலப்பக்கம் ஓரிடத்தில், விரல் பட்டுப் பட்டு மை அழிந்து, தாள் மெலிந்துபோயிருக்கிறது.