குருசுக்குப்பத்தில் ஒரு மூன்றுக்கு மூன்று

கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர். அந்தப் பக்கம் போவதற்கு எங்கள் ஊர்க்காரர்கள் ஆயிரம் காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் என்ன என்பது முள்ளோடையில் பஸ் நின்றதும் இறங்குகிற கூட்டத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான் போனது உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம் பார்க்க. 2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை.

"டிவி நம்ம வீட்லயே இருக்கே" என்றார் அம்மா. இருக்கிறதுதான். ஆனால் அர்ஜென்டினாவோடு மோதப்போவது பிரான்ஸ். அரையிறுதியில் மொராக்கோவை பிரான்ஸ் 2–0 என்று முடித்த ராத்திரியே கல்லூரி நண்பன் போன் செய்துவிட்டான். "ஃபைனலை எங்க தாத்தாகூட உக்காந்து பாரு. அப்புறம் பேசு."

அவன் தாத்தா ஒரு சொல்தா. புதுச்சேரிக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களை அங்கே சொல்தா என்பார்கள். மாதாமாதம் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். 1954 நவம்பர் 1 அன்று ஊர் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே இருந்தார்கள். ஊரில் அவர்களுக்கு 'நேஷனாலிட்டிக்காரங்க' என்று பெயர்.

மார்கழி மூன்றாம் நாள். கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று வழியெல்லாம் காலையில் போட்ட கோலங்கள் பாதி அழிந்தும் அழியாமலும் கிடந்தன. அரியாங்குப்பம் பாலம் தாண்டி ஊருக்குள் நுழைந்தால் எங்கே பார்த்தாலும் வெளிர்நீலமும் வெள்ளையும். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பெட்ஷீட்டுக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் நடுவே மெஸ்ஸி பத்தாம் நம்பர் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. பிரான்ஸ் சட்டை இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அதெல்லாம் ஓடாதுண்ணா."

முந்நூறு வருஷம் பிரான்சோடு உறவு கொண்டாடிய ஊரில் பிரான்ஸ் சட்டை ஓடாது. கொஞ்சம் வருத்தமாகவும் கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

கடற்கரைச் சாலையில் போர் நினைவிடத்தின் முன்னால் சற்று நின்றேன். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட பிரெஞ்சிந்தியர்களுக்கானது. ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாளன்று சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு இங்கேதான் வந்து நிற்பார்கள். இரண்டு நாட்டுக் கீதமும் பாடப்படும். அன்று சாயங்காலம் அங்கே செல்ஃபி எடுப்பவர்களும் சுண்டல்காரரும் மட்டுமே. அங்கிருந்து வடக்கே நடந்தே குருசுக்குப்பம் போய்விட்டேன்.

"கடலூரா? இங்கிலீஷ்காரன் பக்கம்" என்று வரவேற்றார் தாத்தா. எண்பத்தைந்து வயது. முதுகு மட்டும் இன்னும் பட்டாளத்தில் இருந்தது. "1758-ல எங்க ஜெனரல் லாலி வந்து உங்க செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடிச்சாரு, தெரியுமில்ல?"

"1761-ல நாங்க திரும்பி வந்து உங்க ஊரையே தரைமட்டம் ஆக்கினோமே தாத்தா."

சிரித்தார். அதற்கப்புறம் நான் அந்த வீட்டுப் பிள்ளை. ஆயா ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு வைத்திருந்தார். அந்த வீட்டில் அதற்கு ராகு என்று பெயர். நீள ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து நண்பனின் தம்பி வந்தான். பிளஸ் டூ படிக்கிறான். மெஸ்ஸி சட்டை!

"துரோகி" என்றார் தாத்தா, ரொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. தாத்தா அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார். நீளவாக்கு, சிவப்பு ரெக்ஸின் அட்டை, மளிகைக் கடைகளில் பற்று எழுத வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. பக்கத்துக்கு மூன்று பத்தி: தேதி, எதிரணி, கோல் கணக்கு. எழுத்தெல்லாம் பிரெஞ்சு. எட்டுக்கு மட்டும் நம் ஊர் வாத்தியார் சொல்லிக்கொடுத்த மாதிரி மேலே ஒரு கொக்கி. வென்ற ஆட்டம் நீல மை, தோற்றது கறுப்பு. 'லெ ப்ளூ', அதாவது நீலச் சட்டைக்காரர்கள், உலகக் கோப்பையிலும் ஐரோப்பியக் கோப்பையிலும் ஆடிய ஆட்டம் எல்லாம் அதில் இருக்கிறது.

முதல் வரி 1930 ஜூலை 13, மெக்சிகோ, 4–1. அப்போது தாத்தா பிறக்கவே இல்லை. ஏதோ புத்தகத்தைப் பார்த்து எழுதியது. மோந்தெவிதேயோவில் நடந்த அந்த ஆட்டத்தின் 19-வது நிமிடத்தில் லூசியன் லோரான் அடித்ததுதான் உலகக் கோப்பை வரலாற்றின் முதல் கோல். அவர் பேஜோ கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அணியே கப்பலேறி, மேல்தளத்தில் உடற்பயிற்சி செய்துகொண்டு, உருகுவே போய்ச் சேர்ந்தது. "நானும் கப்பல்லதான் போனேன். மர்சேய் வரைக்கும் வாந்தி" என்றார்.

1956-இல், பத்தொன்பது வயதில், பட்டாளத்தில் சேர்ந்திருக்கிறார். நேரே அல்ஜீரியா. அங்கே விடுதலைப் போர் உச்சத்தில். 1958 ஏப்ரலில் ஒருநாள் முகாமில் ஒரே கூச்சல். உலகக் கோப்பைக்கு இரண்டு மாதமே இருக்கும்போது, பிரான்சில் ஆடிக்கொண்டிருந்த அல்ஜீரிய ஆட்டக்காரர்கள் சிலர் ரகசியமாக நாட்டைவிட்டு வெளியேறி, விடுதலை முன்னணியின் அணியில் சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் ரஷீத் மெக்லூஃபி, முஸ்தபா ஸித்தூனி இருவரும் பிரான்சின் உலகக் கோப்பை அணியில் இருந்திருக்க வேண்டியவர்கள். மெக்லூஃபி அப்போது பிரெஞ்சு ராணுவத்தில் கட்டாயச் சேவையில் வேறு இருந்தார். அவர் போனது அணியை விட்டு மட்டுமல்ல, பட்டாளத்தை விட்டும்தான்.

"எங்க ஆபீசர் குதிகுதின்னு குதிச்சாரு. எனக்குக் கோவம் வரல தம்பி. அவன் ஊரு, அவன் போறான்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஆனா ஸித்தூனி இருந்திருந்தா பிரேசில்கிட்ட அஞ்சு வாங்கியிருக்க மாட்டோம்."

வாங்கியது உண்மை. அரையிறுதியில் 5–2, பதினேழு வயது பெலே மூன்று கோல். ஆனால் அந்த உலகக் கோப்பையில் ஜூஸ்த் ஃபோந்தேன் அடித்தது பதின்மூன்று. ஒரே உலகக் கோப்பையில் பதின்மூன்று, அதுவும் இரவல் வாங்கிய பூட்ஸில். அவர் பிறந்தது மொராக்கோவின் மராகேஷில். அந்தப் பதின்மூன்றை யாரும் தாண்டவில்லை.

நோட்டைப் புரட்டும்போது பின் அட்டையின் உள்பக்கத்தில் தனியாக இரண்டு வரி கண்ணில் பட்டது. அவை பச்சை மையில் இருந்தன. 1948 ஜூலை 31, இந்தியா, 2–1. 1960 ஆகஸ்ட் 29, இந்தியா, 1–1.

இந்தியாவும் பிரான்சும் ஒலிம்பிக்கில் மோதிய இரண்டு ஆட்டங்கள். எனக்கு இது தெரியாது. 1948 லண்டனில் நம் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் பூட்ஸ் இல்லாமல் ஆடினார்கள். இரண்டு பெனால்டி கிடைத்து இரண்டும் வீணாயின. ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பிரான்ஸ் இரண்டாவதை அடித்துவிட்டது. அன்றைக்குப் புதுச்சேரி பிரான்சின் கையில்; தாத்தா பதினொரு வயதுப் பள்ளிப் பையன்.

"அப்ப நீங்க எந்தப் பக்கம் தாத்தா?"

"அப்ப எனக்கு எங்க தெரியும்? பாரக்ஸ்ல ஒருத்தன் சொல்லித்தான் தெரியும், உங்க ஆளுங்க செருப்பில்லாம ஆடி தோத்தாங்கன்னு. உங்க ஆளுங்கன்னான். நான் அவன் போட்டிருந்த அதே யூனிஃபார்மதான் போட்டிருந்தேன்."

1960 ரோம் ஒலிம்பிக் இன்னும் வேடிக்கை. பி.கே. பானர்ஜி தலைமை, கோலுக்கு முன்னால் தங்கராஜ். பானர்ஜியே கோலடித்து முன்னிலை வாங்கிக்கொடுத்தார். பிரான்ஸ் கடைசிப் பத்து நிமிடத்தில் சமன் செய்தது. புதுச்சேரியில் இந்தியக் கொடி பறந்து ஆறு வருஷம் ஆகிறது, ஆனால் சட்டப்படி அது இன்னும் பிரான்ஸ். தாத்தா அல்ஜீரியாவில். "ஒண்ணுக்கு ஒண்ணு. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கல" என்றபடி நோட்டை மூடினார். பச்சை மை ஏன் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

எட்டரைக்கு ஆட்டம். சார்செல்லிலிருந்து நண்பனின் அத்தை வீடியோ காலில் வந்துவிட்டார். அங்கே சாயங்காலம் நாலு மணி. பாரிஸை ஒட்டிய அந்த ஊரில் நம் புதுச்சேரிக்காரர்கள் நிறைய. பிரெஞ்சுக் கீதம் ஒலித்ததும் தாத்தா எழுந்து விறைப்பாக நின்றார். எல்லோரும் எழுந்தோம், மெஸ்ஸி சட்டையும் சேர்த்து.

அப்புறம் நடந்தது உலகமே பார்த்தது. 23-வது நிமிடம் மெஸ்ஸி பெனால்டி, 36-இல் டி மரியா. பிரான்ஸ் ஆட்டம் என்று ஒன்று இல்லவே இல்லை. 41-வது நிமிடத்திலேயே பயிற்சியாளர் தேஷான் இரண்டு பேரை வெளியே கூப்பிட்டார். உள்ளே வந்தவர்களில் ஒருவர் மார்க்குஸ் துராம்.

"இவன் அப்பன் யாருன்னு கேளு" என்றார் தாத்தா. அப்பா லிலியன் துராம். 1998 அரையிறுதியில் குரோவேஷியாவின் கோலுக்குக் காரணமான தவறைச் செய்ததும் அவர்தான், அடுத்த நிமிடமே சமன் செய்ததும் அவர்தான், வெற்றி கோலும் அவருடையதே. பிரான்சுக்காக 142 ஆட்டம். கோல் அந்த இரண்டு மட்டும். நான்கு நாள் கழித்து இறுதியாட்டம், இங்கே நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை. ஸிதான் தலையால் இரண்டு, கடைசியில் பெத்தி ஒன்று, பிரேசில் பூஜ்யம். ஸிதான் அல்ஜீரியப் பெற்றோரின் பிள்ளை. "நான் எந்த ஊர்ல துப்பாக்கி தூக்கினேனோ அந்த ஊர்க்காரன் மகன்" என்பார் தாத்தா, ஒவ்வொரு தடவையும் சொல்வாராம். அதே அணியில் நியூ கலிடோனியாவின் கரம்பே இருந்தார். அவருடைய முன்னோரை 1931-இல் பாரிஸுக்குக் கொண்டுபோய் மனிதக் காட்சிப்பொருளாக வைத்திருந்தார்கள். அதனால் அவர் கீதம் பாட மாட்டார். "பாட வேணாம். ஆடினா போதும்" — இது விறைப்பாக நின்ற அதே தாத்தா.

2010 பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் முகம் மாறுகிறது. தென்னாப்பிரிக்காவில் ஆட்டக்காரர்கள் பயிற்சியாளரோடு சண்டை போட்டு, பயிற்சிக்கு வராமல் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தார்களே, அது. நோட்டில் அந்த வருஷத்துப் பக்கம் குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கிறது. "பட்டாளமா இருந்தா கோர்ட் மார்ஷல்."

75-வது நிமிடத்தில் தாத்தா எழுந்து படுக்கப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. 80: பெனால்டி, எம்பாப்பே. நாங்கள் போட்ட சத்தத்தில் அவர் நிலைப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தார். துராம் மகன் தூக்கிக் கொடுத்த பந்தை எம்பாப்பே தரையில் விழவிடாமல் அறைந்தார். முதல் கோலுக்கும் இதற்கும் இடையே 97 விநாடி. 2–2.

தாத்தா உள்ளே வந்து நாற்காலியில் உட்காரப் போனார். "வராதீங்க! அங்கயே நில்லுங்க!" என்று ஆயா கத்தினார். அவர் நிலைப்படிக்குப் போனதும்தான் கோல் விழுந்ததாம். எண்பத்தைந்து வயது மனிதரை எவ்வளவு நேரம் நிற்க வைப்பது? கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நிலைப்படியிலேயே போட்டோம். கூடுதல் நேரம் முழுக்க அரை உடம்பு ஹாலிலும் அரை உடம்பு அறையிலுமாக உட்கார்ந்து பார்த்தார். மெஸ்ஸி 108, தம்பி சோபாமேல் ஏறிக் குதித்தான். எம்பாப்பே 118, தாத்தா நாற்காலிக் கையைத் தட்டினார். கடைசி மூச்சில் கோலோ முவானி தனியாக நின்று அடித்த பந்தை அர்ஜென்டினா கோல்காப்பாளர் காலை நீட்டித் தடுத்தார். அத்தை வீட்டு வீடியோ அந்த நேரம் பார்த்து உறைந்துபோனது.

பெனால்டி ஷூட்அவுட் என்றதும் தாத்தா கண்ணை மூடிக்கொண்டார். காரணம் இருக்கிறது. 1982 செவில் அரையிறுதியில் 3–1 என்று முன்னிலையில் இருந்துவிட்டு, மேற்கு ஜெர்மனியிடம் 3–3 ஆகி, உலகக் கோப்பையின் முதல் ஷூட்அவுட்டிலேயே தோற்றார்கள். 2006 இறுதியில் ஸிதான் எதிரணி ஆட்டக்காரரின் மார்பில் முட்டி வெளியே போக, திரெஸெகே அடித்த பந்து மேல்கம்பத்தில் பட, இத்தாலியிடம் தோற்றார்கள். 1986-இல் மட்டும் பிளாத்தினி தன் பிறந்தநாளன்று வானத்தைப் பார்த்து அடித்தும் பிரேசிலை வென்றார்கள்.

கோமான் அடித்தது தடுக்கப்பட்டது. சுவாமெனி அடித்தது வெளியே போனது. அர்ஜென்டினாவின் மொந்தியேல் உள்ளே போட்டார். தெருவில் வெடிச்சத்தம், தீபாவளி மாதிரி. தம்பி வெளியே ஓடியவன் ஐந்து நிமிடம் கழித்து, வியர்வையோடு, கொஞ்சம் வெட்கத்தோடு திரும்பி வந்தான்.

"எட்டு கோல் அடிச்சிருக்கான் எம்பாப்பே" என்று நான் ஆறுதலுக்குச் சொன்னேன்.

"ஃபோந்தேன் பதிமூணு."

நோட்டை எடுத்துவரச் சொன்னார். தம்பிதான் எடுத்து வந்தான். தேதி எழுதினார், அர்ஜென்டினா எழுதினார், 3–3 எழுதினார். நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை, அந்தப் பச்சை மை.

"ஷூட்அவுட்ல முடிஞ்சா ரெக்கார்டுல டிராதான். ஃபிஃபா கணக்கு அப்படித்தான்" என்றார். சரிதான், அப்படித்தான்.

"பக்கத்துல 4–2-ன்னு போடுங்க தாத்தா" என்றான் தம்பி.

தாத்தா பேனாவை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். "மை தீந்துபோச்சுடா."