காகிதத்தில் பின்னிய விளக்குக்கூடு

ரெடிமேடாக வாங்கும் விளக்குக்கூட்டை விட, கையால் பின்னியது எனக்கு எப்போதுமே ஒரு படி மேல். செலவென்று பார்த்தால் ரெண்டு நிறத்தில் கொஞ்சம் கெட்டியான ஏ4 தாள், பசை, ஸ்கேல், நல்ல கூர்மையான பேப்பர் கத்தி. அவ்வளவுதான்.

ஒரு தாளை அகலவாக்கில் வைத்து, மேலும் கீழும் 2 செ.மீ. விட்டுவிட்டு, நடுவில் 1.5 செ.மீ. இடைவெளியில் மேலிருந்து கீழாகக் கீறிக்கொள்ளுங்கள். இதுதான் பாவு. இன்னொரு தாளில் வெட்டிய பட்டைகள் ஊடை. ஒன்றின் மேலே, அடுத்ததன் கீழே என்று நுழைத்து, நகத்தால் மெல்லத் தள்ளி நேராக்கணும். அடுத்த வரிசை இதற்கு நேர்மாறு. பாவுப் பட்டைகள் இரட்டைப்படையில் இருக்கட்டும். 18 சரியாக வரும். அப்போதுதான் சுருட்டி ஒட்டும்போது மூட்டிலும் பின்னல் முறியாமல் தொடரும்.

வெட்டும் முன் தாளை ரெண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சுலபமாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். காகிதத்துக்கும் இழையோட்டம் உண்டு, அதாவது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். சுலபமாக வளையும் பக்கமே சுருட்டினால் உருளை மடிப்பு விழாமல் வழவழவென்று நிற்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஊடைகளுக்கு நடுவே அரை செ.மீ. விட்டுப் பின்னுவது. விளக்கைப் போட்டதும் ஒற்றைத் தாள் இருக்கும் இடம் பளிச்சென்றும், ரெண்டு தாள் சேரும் இடம் அடர்நிறமாகவும் தெரியும். பகலில் பார்த்தால் இந்த வெளிச்ச வித்தியாசம் தெரியாது!

உள்ளே பேட்டரி எல்இடி மட்டும் வையுங்கள். மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம், காகிதம் சட்டென்று பற்றிக்கொள்ளும்.