மரச்சுவரில் செதுக்கிய கவிதைகள்

குடியேறிகளின் வாழ்வை அமெரிக்க இலக்கியத்தின் வழியே படிக்கத் தொடங்கியபோது, நாவல்களிலிருந்து ஆரம்பிப்பதே முறை என்று எண்ணியிருந்தேன். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவின் சுவர்க் கவிதைகளை வாசித்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதை 1882-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. வணிகர், மாணவர், குடியுரிமை உள்ளவர்களின் பிள்ளைகள் போன்ற சிலருக்கே வழி இருந்தது. 1906-இல் நிலநடுக்கத்தைத் தொடர்ந்து மூண்ட தீயில் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோகவே, தாங்கள் அங்கேயே பிறந்த குடிமக்கள் என்று பலர் உரிமை கோரினர். பிறர் பெற்ற பிள்ளைகளும் இப்படி உரிமை கோரியவர்களின் மகன்களாகக் காகிதத்தில் பதிவாகிக் கப்பலேறினர்.

1910 முதல் 1940 வரை ஏஞ்சல் தீவில் இயங்கிய குடிவரவு நிலையத்தில் இவர்களை வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் அடைத்து வைத்து விசாரித்தார்கள். வீட்டு வாசலில் எத்தனை படிகள், கிணறு எவ்வளவு தொலைவு, அரிசியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டு, அந்தப் பதில்களைத் தந்தை சொன்னவற்றோடு ஒப்பிட்டார்கள். சொந்த வீட்டின் படிகளை யார் எண்ணி வைத்திருப்பார்கள்? பெற்ற மகனே தடுமாறக்கூடிய கேள்விகள் அவை.

காத்திருந்தவர்கள் சுவரில் கவிதை எழுதினார்கள். அதிகாரிகள் அவற்றின்மேல் வண்ணம் பூசி மறைத்தபோது, கத்தியால் மரத்திலேயே செதுக்கினார்கள். வரிக்கு ஐந்து அல்லது ஏழு எழுத்துகள் கொண்ட பழைய சீன யாப்பில், பெரும்பாலும் பெயர் குறிக்காமல், ஊர் நினைவையும் சினத்தையும் பதித்தார்கள். இடிக்கப்படவிருந்த அந்தக் கட்டடத்தில் 1970-இல் பூங்காக் காவலர் ஒருவர் அவற்றைக் கவனித்ததால் சுவர்கள் தப்பின. இருநூறுக்கும் மேற்பட்ட கவிதைகள் இன்று பதிவாகியுள்ளன.

ஆங்கிலத்தில் எழுதப்படாதது எப்படி அமெரிக்க இலக்கியமாகும் என்று எங்கள் வகுப்பில் ஒருவர் கேட்டார். அமெரிக்க அரசின் சுவரில், அமெரிக்கச் சட்டத்தால் அடைபட்டவர்கள், அந்தச் சட்டத்தையே பொருளாக வைத்து எழுதியவை வேறு எந்த இலக்கியத்தைச் சேர்ந்தவையாக இருக்க முடியும் என்றே நான் கருதுகிறேன்.

என்னை மிகவும் வருத்துவது பெண்களின் சுவர்கள். அவர்கள் தங்க வைக்கப்பட்டிருந்த நிர்வாகக் கட்டடம் 1940-இல் தீக்கிரையானது. அதற்குள் எழுதப்பட்டிருந்த எதுவும் மிஞ்சவில்லை. அங்கே இருந்த பெண்கள் முதுமையில் வாய்மொழியாகச் சொன்ன நினைவுகளை இப்போது தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன்.