பெஞ்சு வண்டியும் உறுப்பினர் கணக்கும்

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் கேட்கப்படுவதில்லை. அதைக் கட்டாயமாகக் கேட்பதை 1976ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே, ஒவ்வொரு கவுண்டியிலும் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பகுதி) எந்தச் சபையைச் சேர்ந்தவர் எத்தனை பேர் என்பதை, சமயப் புள்ளியியலாளர் சங்கம் ஒன்று பத்தாண்டுக்கு ஒருமுறை சபைகளிடமே கேட்டுத் தொகுக்கிறது.

ஒஹாயோ மாநிலத்தின் ஹோம்ஸ் கவுண்டியில் 2020இல் 44,223 பேர் வாழ்ந்தனர். ஏறத்தாழப் பாதிப் பேர், பழைய எளிய வாழ்முறையைக் கைவிடாத கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்கள். அங்கே சென்றிருந்தபோது ஒரு பண்ணை வீட்டு முற்றத்தில் பெட்டி வண்டியொன்று நின்றதைக் கண்டேன். உள்ளே சாய்மானமில்லாத நீண்ட பெஞ்சுகளும், தடித்த ஜெர்மன் பாட்டுப் புத்தகங்களும் அடுக்கப்பட்டிருந்தன. தேவாலயம் கட்டாத அம்மக்கள் இரு வாரத்துக்கு ஒருமுறை முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுவதால், பெஞ்சுகளும் வீடு வீடாகப் போகின்றன.

கணக்கில்தான் சிக்கல். கத்தோலிக்கத் திருச்சபை ஞானஸ்நானம் பெற்ற கைக்குழந்தையையும் சேர்த்துக்கொள்கிறது. ஆமிஷ் சபையிலோ, வளர்ந்தபின் தாமே விரும்பி ஞானஸ்நானம் பெற்றவர்தாம் உறுப்பினர். ஏழு சிறு பிள்ளைகளுள்ள வீட்டில் உறுப்பினர் தாயும் தந்தையும் மட்டுமே. இதற்காகவே பிள்ளைகளையும் உள்ளடக்கிய ‘சார்ந்தோர்’ என்ற தனிக் கணக்கும் வைக்கப்படுகிறது. சபைகளை ஒப்பிடுவோர் இந்த எண்ணையே எடுக்கவேண்டும் என்று வலியுறுத்துவேன். இல்லாவிட்டால் அந்தப் பெஞ்சுகளில் பெற்றோருடன் அமரும் பிள்ளைகள் கணக்கில் வராமலே போய்விடுவார்கள்.