டம்ளர் அளவில் விட்ட பிழை

குடியாத்தம் பக்கத்திலிருந்து இதயச் செயலிழப்போடு வந்து சேர்ந்த பெரியவர் ஒருவருக்கு, நாளொன்றுக்கு 1,200 மில்லிக்கு மேல் நீர் கூடாது என்று மருத்துவர் எழுதியிருந்தார். வேலூரை அடுத்த ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் என்னிடம் அவருடைய இன்டேக் அவுட்புட் சார்ட்டும் (உடலுக்குள் போகும் நீர், வெளியேறும் நீர் இரண்டையும் எழுதும் தாள்) சத்துணவு மதிப்பீடும் வந்தன. சிறுநீரை அளப்பதில் சிக்கல் இல்லை. கதீட்டர் பை இருந்தது.

மூன்றாம் நாள் காலை அவருடைய எடை 52.4 கிலோவிலிருந்து 54.1 ஆக ஏறியிருந்தது. சார்ட்டிலோ வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். ஒரு கிலோ என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர், இரண்டே நாளில் சதை போட வழியில்லை என்று தெரிந்திருந்தும், நான் முதலில் எடை மெஷினைத்தான் சந்தேகித்தேன். அதே மெஷினில், அதே மெல்லிய வேட்டியோடு, காலை உணவுக்கு முன்பே மறுபடியும் நிறுத்திப் பார்த்தேன், எண் மாறவில்லை. கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தியபோது விழுந்த குழி மறைய வெகுநேரம் ஆனது.

அதன் பிறகே படுக்கையருகே இருந்த எவர்சில்வர் டம்ளர் என் கண்ணில் பட்டது. ஒரு டம்ளர் 150 மில்லி என்றே எல்லா ஷிப்டிலும் எழுதி வந்திருந்தோம். அளவு ஜாடி கேட்டு ஸ்டோருக்குப் போனால், இன்சார்ஜ் கையெழுத்து இல்லாமல் இண்டென்ட், அதாவது பொருள் கேட்கும் சீட்டு, எடுக்க முடியாது என்றார் அங்கிருந்தவர். கையெழுத்தோடு திரும்பியபோது சாப்பாட்டு நேரமென்று பூட்டியிருந்தது. ஒருவர் மூச்சு வாங்கப் படுத்திருக்கையில் ஒரு ஜாடிக்காக இரண்டு முறை படி ஏறி இறங்கியதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. கடைசியில் 50 மில்லி சிரிஞ்சால் தண்ணீரை எடுத்து டம்ளரில் விட்டேன். நான்கு சிரிஞ்சு முழுதாகவும் ஐந்தாவதில் 40 மில்லியும் கொண்டது, ஆக 240. கஞ்சி, மோர், தண்ணீர் என்று நாளுக்கு ஆறு டம்ளர் குடித்தவருக்கு 540 மில்லி விடுபட்டிருந்தது. ஆன்டிபயாட்டிக் கலந்து மூன்று வேளை ஏற்றிய 100 மில்லி பாட்டில்களையும் ஒருவரும் எழுதவில்லை. இப்படி 840 மில்லி தினமும் கணக்குக்கு வெளியே உள்ளே போயிருக்கிறது. மருத்துவர் அன்றே மருந்தை மாற்றினார். வீக்கம் வடியத் தொடங்கியது.

சத்துணவு மதிப்பீட்டிலும் அந்த வீக்கமே ஏமாற்றியது. உயரம் 160 செ.மீ. என்பதால், உயரத்துக்கு எடை போதுமா என்று காட்டும் பி.எம்.ஐ. 21 என்று வந்தது. தாளின்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் அவருடைய சட்டை தோளில் தொங்கிற்று, மோதிரம் கழன்று விழாமல் இருக்க நூல் சுற்றியிருந்தார். முந்தைய எடை என்ற கட்டத்தில் அட்மிஷனின்போது "தெரியவில்லை" என்று எழுதிவிட்டிருந்தார்கள். அவருடைய மனைவியிடம் உட்கார்ந்து கேட்டேன். "தை மாசம் அரிசி மண்டி தராசுல ஏறி நின்னாரு சிஸ்டர், 62 இருந்தாரு" என்றார். வீக்கத்தோடு கணக்கிட்டாலே நான்கு மாதத்தில் 12 சதவீதத்துக்கு மேல் இழப்பு. 10 சதவீதத்தைத் தாண்டினாலே, சத்துக்குறைவு ஆபத்தை மதிப்பிடும் மஸ்ட் அளவுகோலில் 2 மதிப்பெண், அதாவது அதிக ஆபத்து. அன்று மாலையே டயட்டீஷியன் வந்து பார்த்தார்.

புதிதாக வார்டுக்கு வருபவர்கள் ரசத்தையும், டியூபில் விடும் தண்ணீரையும் விடாமல் எழுதுங்கள். பார்க்க வருபவர்கள் கொண்டுவரும் இளநீரைக் கேட்டு எழுதுங்கள். அந்த அம்மா காலண்டர் தாளின் பின்புறத்தில் டம்ளருக்கு ஒரு கோடாகப் போட்டு, டிஸ்சார்ஜ் ஆகும் நாள் வரை ஒவ்வொரு ஷிப்டிலும் எங்களிடம் காட்டி வந்தார்.