தாய்க்கரைசலை விட்டு எடுக்காதீர்கள்

போன வாரம்தான் ஒரு தோரியம் சேர்மத்தின் வேலை ஒருவழியாக முடிந்தது. டாசன் கூடு என்பது பாஸ்பரஸைச் சுற்றி டங்ஸ்டனும் ஆக்ஸிஜனும் கட்டிய மூலக்கூறுக் கூடு. அதில் ஒரு டங்ஸ்டன் கழன்ற கூடுகள் இரண்டு, நடுவே தோரியம். பக்கத்துக்கு நான்காக எட்டு ஆக்ஸிஜன் அதைப் பிடித்திருக்கும். தயாரிப்பில் சிரமமில்லை, பிஎச்சைக் காரப்பக்கம் போகவிடாமல் சூடாக்கிக் கலக்கினால் போதும். தோரியம் கைக்கு வருவதுதான் பாடு.

அணுசக்திச் சட்டப்படி அது கட்டுப்பாட்டில் உள்ள பொருள். திருவனந்தபுரத்தில் விண்ணப்பத்தை வாங்கிய எழுத்தர் 'நாளெ வரூ' என்றார். மறுநாள் போனால், பாதுகாப்பு அதிகாரியின் கையெழுத்து இல்லையாம். மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளையில் பஸ் மாறிப் போன இரண்டு நாளும் வீண். எங்கள் மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் மோனசைட்டிலேயே 8 முதல் 10 சதவீதம் வரை தோரியம் ஆக்சைடு இருக்கிறது. கட்டுப்பாடு வேண்டும்தான். ஆனால் என்ன தாள் வேண்டும் என்பதை முதல்நாளே சொல்லியிருக்கலாம்.

காத்திருந்த நேரத்தில் எங்கள் கல்லூரியிலேயே சீரியத்தில் ஒத்திகை பார்த்தேன். தோரியத்தைவிடச் சற்றுச் சின்ன அயனி, ஆனால் அதே மாதிரி உட்காரும், கதிரியக்கமும் இல்லை. நல்ல மஞ்சள் படிகங்கள். வடிகட்டி, ஒற்றியெடுத்து, குப்பியில் போட்டு, அணு அமைப்பைப் பார்க்க எக்ஸ்ரேக்குக் கொண்டுபோனேன். இரண்டு மணி நேர பஸ், மதிய வெயில். மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பாறசாலைக்கார டெக்னீஷியன் அண்ணன், "மக்களே, இது படிகம் இல்ல, பொடியாப் போச்சு" என்றார். ஓரமெல்லாம் வெளிறி, விரிசல் விட்டு, ஊசி பட்டதும் உதிர்ந்தது. கூடுகளுக்கு இடையே இருக்கும் தண்ணீர் பறந்தால் அடுக்கே சரிந்துவிடும். அதனால் தாய்க்கரைசலோடு, அதாவது படிகம் வளர்ந்த அதே கரைசலோடு கொண்டுபோங்கள். வெளியே எடுத்ததும் எண்ணெயில் முக்கி, 100 கெல்வின் நைட்ரஜன் ஓட்டத்தில் வைத்துவிடுங்கள்.

அப்புறம் தோரியம் கிடைத்தது. அனுமதி உள்ள லேபிலேயே செய்து, அங்கேயே எக்ஸ்ரேயும் எடுத்தோம். அமைப்பு அழகாக வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் ஏமாந்திருப்பேன். படிகம் தன் கதையைத்தான் சொல்லும், கரைசலில் கூட என்ன மிதக்கிறது என்று சொல்லாது. கரைசலில் உள்ள பாஸ்பரஸ் வகை ஒவ்வொன்றையும் ஒரு கோடாகக் காட்டும் பாஸ்பரஸ்-31 என்எம்ஆரில் இரண்டு கோடு வரவேண்டிய இடத்தில் நான்கு வந்தன. புட்டியில் எழுதியிருந்த படிக நீரின் கணக்கை நம்பி தோரியம் நைட்ரேட்டை எடை போட்டிருந்தேன். அது ஈரத்தை இழுத்திருந்ததால் தோரியம் குறைந்துவிட்டது. தோரியம் கிடைக்காமல் மிஞ்சிய வெற்றுக் கூடுதான் அந்த இரண்டு உபரிக் கோடுகள். கொஞ்சம் நைட்ரேட்டைச் சுட்டு, ஆக்சைடாக்கி, அந்த எடையை வைத்துக் கணக்கைத் திருத்தினேன்.

மறுபடி எடுத்தபோது இரண்டே இரண்டு கோடு. இந்தத் தடவை நானே அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.